விரலுக்குத் தெரியும் புதுமை

1993இல் ஒரே சண்டை விளையாட்டு இரண்டு கேசட்டுகளாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பெயர் ‘மார்ட்டல் காம்பாட்’. சேகாவின் ஜெனிசிஸில் போட்டு, ஒரு ரகசிய வரிசையில் பட்டன்களை அழுத்தினால், அடிபட்டவன் உடம்பிலிருந்து ரத்தம் தெறிக்கும். சூப்பர் நின்டெண்டோவில் அதே அடிக்கு, அதே இடத்திலிருந்து, சாம்பல் நிறத்தில் வியர்வை தெறிக்கும். தன் பெட்டிக்குள் ரத்தம் வரக் கூடாது என்று நின்டெண்டோ அப்போது கறாராக இருந்தது. அந்த டிசம்பரில் இந்த வன்முறை பற்றி அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மறு வருடம் இ.எஸ்.ஆர்.பி. என்ற தரக்குறியீட்டு அமைப்பு பிறந்தது. பெட்டியின் மூலையில் ‘எம்’ என்ற எழுத்து அச்சாகத் தொடங்கியது. 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். எழுத்து வந்த அதே சமயத்தில் கதவும் திறந்துகொண்டது. ‘மார்ட்டல் காம்பாட் 2’ அதே 1994இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தபோது ரத்தம் சிவப்பாகவே இருந்தது.

எந்தப் பட்டன் உதை, எந்தப் பட்டன் குத்து என்பதெல்லாம் மாறவே இல்லை. நிறம் மட்டும்தான் மாறியது. அதற்கு ‘முதிர்ச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் ‘ஏ’ சர்டிபிகேட் ஒட்டிவிட்டால் படம் பெரியவர்களுக்கான படம் ஆகிவிடுமா? உள்ளே வரக்கூடியவரின் வயதை அந்த எழுத்து சொல்லும். படத்தின் வயதை அது சொல்லாது.

கன்சோல் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு வழக்குகள் எழும். புதுச் சரக்கா, பழைய பெயரின் அடுத்த பாகமா என்பது ஒன்று. பெரியவர்களுக்கா, பிள்ளைகளுக்கா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அட்டையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விளையாட்டு நடப்பது அட்டையில் இல்லை, விரலில். விரலை என்ன செய்ய வைக்கிறது, செய்ததை நாம் எப்படிச் சுமக்கிறோம் என்ற ஒரு கேள்வியோடுதான் இந்த மரபின் பள்ளிகளை நான் பார்க்கிறேன்.

தொடர்கள் மேல் நமக்குச் சந்தேகம் இருப்பதில் நியாயம் உண்டு. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’ பெட்டியோடு ஒரு கேசட் வரும். மேலே ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். ஊதி, தட்டி, சொருகி, பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் விஷயம் புரிந்துவிடும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள்தான். அதே மரியோ இருபதாவது எண்ணில் வேறு பெயரோடு வருவார். நாற்பதாவதில் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவார். புதுப் பெயருக்குள் பழைய சரக்கு இருக்கலாம் என்பதை அந்த வயதிலேயே படித்துக்கொண்டோம். பழைய பெயருக்குள் புதுச் சரக்கும் இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அதைக் கற்றுத் தந்தது கியோட்டோ பள்ளி. 1889இல் ஹனஃபுடா சீட்டு அச்சடிக்கத் தொடங்கிய நின்டெண்டோவின் ஊர் அது. 1985இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தது. மறு வருடமே ஜப்பானில் இரண்டாம் பாகம். பார்த்தால் முதல் பாகம் மாதிரியே இருக்கும்; கஷ்டம் மட்டும் பல மடங்கு. அமெரிக்கக் கிளை அதை வேண்டாம் என்றது. அங்கே 1988இல் இரண்டாம் பாகமாகப் போனது முற்றிலும் வேறொரு விளையாட்டு: ஃபூஜி தொலைக்காட்சியின் விழாப் பாத்திரங்களை வைத்து 1987இல் செய்த ‘டோக்கி டோக்கி பேனிக்’. பாத்திரங்களை எடுத்துவிட்டு மரியோவையும் லூயிஜியையும் இளவரசியையும் டோடையும் உட்கார வைத்தார்கள். தலையில் குதித்தால் எதிரி சாக மாட்டான். மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி வீச வேண்டும். மரியோ பழகிய விரல் முதலில் தடுமாறும், பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

இதைப் பெயரை ஒட்டி விற்ற வேலை என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். லூயிஜி குதிக்கும்போது காற்றில் காலை உதறுவது, இளவரசி பாவாடை விரியக் காற்றில் மிதப்பது, இரண்டும் அங்கிருந்து வந்தவை. 2013இல் வந்த ‘சூப்பர் மரியோ 3டி வேர்ல்டு’ வரை அந்தக் குணங்கள் அவர்களை விட்டுப் போகவில்லை. வேறு வீட்டுக் குழந்தை இந்தக் குடும்பப் பெயரில் வளர்ந்து, குடும்பத்தின் நடையையே மாற்றிவிட்டது.

கியோட்டோ பள்ளியின் உச்சம் என்று நான் நினைப்பது வேறு. 1998இல் வந்த ‘செல்டா: ஒக்காரினா ஆஃப் டைம்’ பெரும் வெற்றி. அதே கட்டங்களைக் கொஞ்சம் மாற்றிப்போட்டு இன்னொன்று செய்யச் சொன்னபோது எய்ஜி அவோனுமாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்படியானால் ஒரு வருடத்தில் புதிதாக ஒன்றைச் செய்து காட்டு என்றார் ஷிகெரு மியமோட்டோ. 2000இல் வந்தது ‘மஜோராஸ் மாஸ்க்’. அவகாசம் இல்லாததால் முன்னதன் உருவங்களையே எடுத்தார்கள். பால் பண்ணைப் பெண்ணின் முகம், தபால்காரன் முகம் எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. ஆனால் இங்கே அவர்கள் யாருக்கும் நம்மைத் தெரியாது. பழகிய முகங்களுக்கு நடுவே அந்நியனாக நிற்கிற உணர்வு அந்தச் சிக்கனத்திலிருந்தே வந்தது.

ஊரின் மேல் நிலா விழுந்துகொண்டிருக்கிறது. மூன்று நாள் அவகாசம். நம் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முடியும் தறுவாயில் ஒக்காரினாவில் ஒரு மெட்டை வாசித்தால் முதல் நாள் விடியலுக்குத் திரும்பலாம். நாம் செய்த உதவிகள் எல்லாம் அழிந்துபோகும். விடுதியில் அஞ்ஜூ என்றொரு பெண். அவளை மணக்க இருந்த காஃபே காணாமல் போயிருக்கிறான். சாபத்தால் சிறுவனாகிவிட்டவன் ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான். இருவரையும் சேர்க்க மூன்று நாளும் கடிதம் சுமந்து, நேரம் பார்த்து ஓட வேண்டும். சரியாகச் செய்தால், மூன்றாம் நாள் கடைசி நிமிடங்களில் அவன் அவள் அறைக்கு வருகிறான். வெளியே நிலம் அதிர்கிறது. விடியலை இங்கேயே சேர்ந்து எதிர்கொள்கிறோம், நீ தப்பித்துப் போ என்கிறார்கள். தப்பிக்க வழி அந்த மெட்டுதான். வாசித்தால் இருவரும் மறுபடி பிரிந்திருப்பார்கள். முதல் முறை அங்கே நின்றபோது வாசிக்க எனக்குக் கை வரவில்லை.

அமெரிக்கப் பெட்டியில் இதற்கு இருந்த குறி ‘இ’, எல்லோருக்கும். சாவைப் பற்றியும் மறதியைப் பற்றியும் இவ்வளவு பெரிய மனதோடு பேசிய விளையாட்டு பழைய தொடரின் அடுத்த பாகம், ரத்தம் சொட்டாதது. நம் இரண்டு வழக்குகளும் இங்கே ஒரே நேரத்தில் தள்ளுபடியாகின்றன.

அதற்காக ‘எம்’ குறி பெற்றவை எல்லாம் வெறும் ரத்தம் என்று சொல்லிவிட முடியாது. கோனாமியின் ‘சைலன்ட் ஹில் 2’ 2001இல் வந்தது. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஜேம்ஸ் என்பவன் பனி மூடிய ஊருக்குள் போகிறான். பயங்கரங்கள் நிறையவே உண்டு. அதன் மேதைமை ஒரு கத்தியில் இருக்கிறது. ஆஞ்செலா என்ற பெண் தன்னையே முடித்துக்கொள்ளும் நினைப்பில் வைத்திருந்த கத்தியை நம்மிடம் கொடுத்துவிடுகிறாள். அதைக் கொண்டு யாரையும் குத்த முடியாது, எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. பையில் கிடக்கும், திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பலரும் பார்ப்பார்கள். விளையாட்டு அதைச் சத்தமில்லாமல் குறித்துக்கொள்கிறது. காயம் பட்டும் மருந்து எடுக்காமல் திரிந்தோமா, மனைவியின் கடிதத்தை எத்தனை முறை படித்தோம், கூட வருகிற மரியாவிடம் எவ்வளவு அக்கறை காட்டினோம் என்பதையும் குறித்துக்கொள்கிறது. முடிவு அந்தக் கணக்கிலிருந்து வருகிறது. எந்த முடிவு வேண்டும் என்று திரையில் யாரும் கேட்பதில்லை. கத்தியை அடிக்கடி எடுத்துப் பார்த்தவனின் ஜேம்ஸ் தண்ணீருக்குள் போகக்கூடும். தன்னை அறியாமல் விரல் செய்ததற்கு மனம் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. இதற்கு முதிர்ச்சி என்று பெயர் வைத்தால் நான் மறுக்க மாட்டேன். இதுவும் இரண்டாம் பாகம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒசாகாவின் காப்காம் பள்ளியில் தொடரே கருப்பையாக இருந்தது. ‘ரெசிடென்ட் ஈவில்’ நான்காம் பாகத்துக்காக ஹிதேகி கமியாவின் குழு செய்த ஒன்று தொடரை விட்டு எங்கோ போய்விட்டது. அதை அடக்காமல் தனிப் பெயர் கொடுத்து 2001இல் ‘டெவில் மே க்ரை’ என்று விட்டார்கள். உண்மையான நான்காம் பாகம் பல முறை கலைத்துக் கட்டப்பட்டு, ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் 2005இல் வந்தது. பார்வையை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது அது. அதற்குப் பிறகு வந்த சுடும் விளையாட்டுகளில் பாதி அந்தத் தோளுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

அதே வீட்டில்தான் வருத்தமான கதையும் நடந்தது. 2006இல் காப்காமின் க்ளோவர் குழு ‘ஒக்காமி’ செய்தது. வெள்ளை ஓநாய் வடிவில் சூரியக் கடவுள். உலகமே மைத் தூரிகை ஓவியம். ஒரு பட்டனைப் பிடித்தால் காட்சி காகிதமாக உறைந்து நிற்கும். இருண்ட வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் வந்துவிடும். கோணல் வட்டமாக இருந்தாலும் வரும். அந்தக் கணத்தில் விரலுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடையில் போகவில்லை. 2007இல் குழுவே கலைக்கப்பட்டது. தெரியாத பெயருக்குக் காசு போட வாங்குபவருக்கும் பயம், விற்பவருக்கும் பயம். பழைய பெயர்களின் ஆட்சிக்குக் கலை சார்ந்த காரணத்தைத் தேட வேண்டியதில்லை, இதுதான் காரணம். ‘ஒக்காமி’க்கு ஒரு புதிய பாகம், அதை இயக்கிய கமியாவின் கையிலேயே, 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கைவிடப்பட்டதும் ஒரு தொடராக நீள்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான்.

முழுக்க முழுக்கப் புதுப் பெயர்களில் நின்றவர் ஃபுமிடோ உவேதா. 2001இன் ‘ஈகோ’வில் கொம்பு முளைத்த சிறுவன் மொழி தெரியாத பெண்ணைக் கோட்டையிலிருந்து அழைத்துப் போகிறான். ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அவள் கை அவன் கையில் இருக்கும். விட்டால் நின்றுவிடுவாள். நெடுநேரம் விளையாடி கட்டைவிரல் ஓய்ந்த பிறகும், ஆட்காட்டி விரல் அந்தப் பட்டனை விடத் தயங்கும். 2005இன் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ இன்னும் கடுமையானது. பரந்த நிலத்தில் கொல்ல இருப்பவை பதினாறு பேருருவங்கள் மட்டுமே. சில்லறை எதிரிகள் கிடையாது. பல உருவங்கள் நம்மை ஒன்றுமே செய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சாய்க்கும்போது வெற்றி முரசு கொட்டாது, துக்க இசை எழும். நாயகனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வரும்.

மேற்கத்தியப் பள்ளிகளை இந்த உரைகல்லில் தேய்க்கும்போது எனக்குச் சங்கடம் வருகிறது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ 2001இல் ஒரு நகரத்தையே கையில் கொடுத்தது; அந்தச் சுதந்திரம் உண்மையான கண்டுபிடிப்பு. ‘காட் ஆஃப் வார்’ 2018இல் பழைய வெறியன் கிரேடோஸை, மகனிடம் பேசத் தெரியாத தகப்பனாக ஆக்கியது. நல்ல எழுத்து. 2020இன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ நாம் வெறுத்த பெண்ணின் உடம்பிலேயே நம்மைப் பாதி விளையாட்டுக்கு நடக்கவைத்தது, துணிச்சல்தான். ஆனால் பழிவாங்காதே என்று கதை சொல்லிக்கொண்டிருக்கும் அத்தனை மணி நேரமும், பதுங்கிப் போய்க் கழுத்தறுப்பதில் விரல் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கிறது. வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்கிறது. உவேதாவிடம் இரண்டும் ஒன்று. இந்த வித்தியாசத்தைப் பட நேர்த்தியால் மூடிவிட முடியாது.

சின்னக் குழுக்களிடம் அந்த ஒருமை அதிகம். 2013இல் சுவீடனிலிருந்து ஜோசஃப் ஃபாரஸ் இயக்கத்தில் வந்த ‘பிரதர்ஸ்’ஸில் இடக்கை அண்ணன், வலக்கை தம்பி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம்; அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் நீந்துவான். கடைசியில் அண்ணன் இல்லை. தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான். வலக்கையால் எதைச் செய்தாலும் இறங்க மறுக்கிறான். இத்தனை நேரம் சும்மா கிடந்த இடக்கைப் பட்டனை அழுத்தினால் நீந்துகிறான். ஒரு வசனம் கிடையாது.

2023இல் வந்தது ‘வெண்பா’. டொரோன்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின்; அம்மா கொடுத்த சமையல் புத்தகம், அதில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகள். அழிந்ததை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. பிரிட்டனின் பாஃப்டா அதை 2024இன் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது. முதல் சமையல் இட்லி. குறிப்பு பாதி அழிந்திருக்க, தட்டுகளை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே திரையைப் பார்த்த அம்மா, “குழிக்கு நேரா குழி வராம திருப்பி வைடா, இல்லாட்டி மேல்தட்டு கீழ இருக்குற இட்லிய அமுக்கிடும்” என்றாள். திருப்பி வைத்தேன். ஆவி வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ சோர்ந்து இருக்கா?” என்று கேட்டாள்.