கறுப்பு வெளியே இருக்கட்டும்

பழவேற்காட்டு ஏரியின் கீச்சான் மீனைத் தொட்டியில் வளர்க்கிறவர்களுக்குப் பின்கண்ணாடியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. வெள்ளி உடம்பு, பிடரியிலிருந்து வால் பக்கம் வில்லாக வளைந்து ஓடும் கரிய கோடுகள். ஏலத்தில் மடவைக்கும் இறாலுக்கும் இருக்கிற மரியாதை இதற்குக் கிடையாது. விரல் நீளக் குஞ்சுகளை யாரும் விலை பேசுவதுகூட இல்லை. ஆனால் கறுப்புப் பின்னணிக்கு முன்னால் அந்தக் குஞ்சு ஒருமுறை சட்டென்று திரும்பும்போது தெறிக்கிற வெள்ளிக்கு, ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டிஸ்கஸ் மீன் ஈடாகாது என்பது என் கட்சி.

அந்தக் கறுப்பை ஸ்ப்ரே பெயின்டில்தான் கொண்டுவர வேண்டும். பிரஷ் கோடு விழும். ஒட்டுத்தாள் கண்ணாடிக்கும் தனக்கும் நடுவில் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளிறும். தொட்டியை முன்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பின்கண்ணாடியின் வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, ஒன்றரைச் சாண் தூரத்திலிருந்து அடிக்க வேண்டும். முதல் கோட்டில் மிளகுப்பொடி தூவியதுபோலத்தான் இருக்கும். அவசரக்காரர்கள் பயந்துபோய் அங்கேயே அழுத்திவிடுவார்கள், பெயின்ட் வழியும். மெல்லிய கோட், காயவிட்டு அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. கடைசியில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். அவற்றுக்காக ஒரு கோட். மேட்டா, கிளாஸா என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது கண்ணாடியின் பளபளப்புதான். பெயின்ட் எதுவானாலும் ஒன்றே.

இதே பெயின்டை உள்பக்கம் அடித்தால் நிறம் இன்னும் ஆழமாக வரும் என்கிற கட்சியோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை என்பதால் பெயின்ட் முழுதும் இறுகிவிட்டது என்று ஆகாது. மேல்தோல் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறிப் படலம் இறுகப் பெயின்டைப் பொறுத்து நாட்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். முழுதும் இறுகிய பிறகும் அது வழவழப்பான கண்ணாடியில் எத்தனை நாள் நிற்கும்? ஓரத்தில் நீர் புகுந்து, கொப்புளம் கட்டி, உரியும்.

நம் ஏரி மீன்களின் பழக்கம் வேறு இருக்கிறது. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுகிற மீனும் புள்ளி ஸ்காட்டும் பாசியைச் சுரண்டித் தின்பவை. பாசி படர்கிற பரப்பு எதுவோ அதில் நாளெல்லாம் வாய் வைக்கும். உள்ளே அடித்த பெயின்ட் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு. தொட்டிக்குள் வைக்கிற, பொன்னிற ஸ்ப்ரே அடித்த கோட்டைப் பொம்மைகளை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. பொன்னிறப் பெயின்ட் பலவற்றில் மினுங்குவது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி. மீன் தாங்கும் அளவுச் செம்பைக்கூட இறாலும் நத்தையும் தாங்குவதில்லை. தெர்மாகோல் பாறைமேல் நேரே ஸ்ப்ரே அடித்தவர்களுக்குக் கரைப்பானின் குணம் உடனே தெரிந்திருக்கும். பாறையே குழைந்து உள்வாங்கிவிடும்.

படகுக்கு அடிக்கும் பெயின்ட் நீரில் நிற்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயின்ட், உயிர்களைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. பெரும்பாலும் செம்பு ஆக்ஸைடு. அதைவிடக் கொடியது டிரைபியூட்டைல் டின். அதன் பாதிப்பால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைக் கப்பல்களிலிருந்தே விலக்கியது. படகிடம் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஃபைபர் படகின் ஜெல்கோட்டிடம் கற்றுக்கொள்ளலாம். அதில் நிறம் ரெசினோடு கலந்தே இருக்கிறது. தொட்டிக்குள் பூச்சு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, கரைப்பான் இல்லாத இரட்டைக் கலவை எபாக்ஸி இருக்கிறது. முழுதும் இறுகவிட்டு, நீர் நிரப்பி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு மீனை விடலாம். அவ்வளவு பொறுமை உள்ளவர் கண்ணாடியின் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

உள்ளே இருக்க வேண்டியவை சொந்த நிறம் கொண்டவை. கழுவிக் காயவைத்த கிளிஞ்சல், மணல், உப்பு நீரில் ஊறிக் கறுத்த மரக்கிளை. கிளிஞ்சலின் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையையும் தாங்கிப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, கோடையில் உப்பு ஏறிக் கிடக்கும் ஏரி அது. அந்த ஏற்ற இறக்கத்தையே பழகிய மீன்கள் இவை. நம்மிடம் கேட்பது கொஞ்சம் சுத்தம்தான்.

நீல வண்ணம் அடித்த பின்கண்ணாடியையும் பவளப்பாறை போஸ்டரையும் விரும்புகிறவர்கள் எனக்கு நண்பர்கள்தான். ஆனால் வெளிர் பின்னணியில் மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் மீன் வெளிறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். அந்தச் சண்டையின் மறுபக்கமாகத்தான் சாயமேற்றிய கண்ணாடி மீன் சந்தைக்கு வந்தது. எலும்பு தெரிகிற அந்த இந்திய மீனின் முதுகோரம் ஊசியால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஏற்றி விற்கிறார்கள். சில மாதங்களில் சாயம் போய்விடும். ஊசி குத்திய காயத்தில் நோய் புகும். ஊடுருவிப் பார்க்கக் கிடைத்த உடம்பே போதாது என்று நினைக்கிற ரசனைக்கு என்ன பேர் வைப்பது?

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உவர்நீர் அலங்கார மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கி வருகிறது. ஏரியோரக் குடும்பங்கள் குஞ்சு வளர்த்து விற்கிற நாளும் வரட்டும். அந்தக் குஞ்சுகளை வாங்குகிறவர்கள் முதலில் நல்ல கறுப்பு அடிக்கப் பழக வேண்டும். மீனுக்கும் பெயின்டுக்கும் நடுவில் கண்ணாடி இருந்தாக வேண்டும்; இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.