கொம்பும் காலும் அசையாத திரை

கார்ட்டூன் பார்த்தே பிள்ளைகள் தமிழ் வாசித்துவிடுவார்கள் என்ற பேச்சு பெற்றோரைத் தாண்டிக் கல்வி மேடைகள் வரை வந்துவிட்டது. நம் திரைகள் இதுவரை தந்ததைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அவை எழுத்தைப் பாடிக் காட்டின, வாசிக்கக் கற்றுத்தரவில்லை.

காவிரிப் படுகையில் எழுத்தறிவித்தலுக்கு நெடிய மரபு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதியே தமிழ் கற்றார். உத்தமதானபுரத்துத் தமிழறிஞர் உ.வே.சா. படித்த திண்ணைப் பள்ளியிலும் விரலும் கண்ணும் நாவும் சேர்ந்துதான் உழைத்தன.

திரைக்கு வருவோம். அமெரிக்காவில் 1969-இல் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் செசமி ஸ்ட்ரீட் வந்தது. வாசிப்புக்கென்றே 1971-இல் எலெக்ட்ரிக் கம்பெனி. 2010-இல் பிபிசியின் ஆல்ஃபாபிளாக்ஸ் எழுத்துகளையே பாத்திரங்களாக்கியது. அவை கைகோத்தால் சொல் பிறக்கும், அபாரமான கற்பனை. இங்கே 2007-இல் குழந்தைகளுக்கான சுட்டி டிவி வந்தது, கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள். காதுக்கு நல்ல விருந்துதான், ஆனால் எழுத்து திரைக்கு வரவில்லை. பிறகு யூடியூப் பாடல்கள்: ஆங்கில அகரவரிசைப் பாட்டின் அச்சில் வார்த்த உயிரெழுத்து மெட்டுகள், கண்ணைப் பறிக்கும் வண்ணம், அவசர வேகம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி கொரோனாக் காலத்தில் ஊர்ப்புற வீடுகளுக்குள் வகுப்பைக் கொண்டுசேர்த்தது, பெரிய பணி. ஆனாலும் அதன் பாடங்களில் பெரும்பாலானவை கேமரா முன் ஆசிரியர் பேசும் பாடங்களே.

பன்னிரண்டு உயிரைப் பாட்டாக்கிவிடலாம். 216 உயிர்மெய்யை என்ன செய்வது? 'கொ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. ஒலியோ ககரத்தில் தொடங்குகிறது. கு, சு, து, மு என்று உகரம் மெய்க்கு மெய் வேறு உருக்கொள்கிறது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா போன்றவற்றை நேராக்கியது. உகர வரிசையைத் தொடவில்லை. பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அதுதான். கொம்பு எங்கிருந்து வந்து ஒட்டுகிறது, சுழி எப்படி வளைகிறது என்பதை அச்சிட்ட பக்கம் அசைத்துக் காட்ட முடியாது, அசைபடத்தால் முடியும். அந்த ஒரு வேலையைத்தான் நம் அசைபடங்கள் செய்யவில்லை.

இன்னொன்று: திருவையாற்றுப் பக்கத்துப் பிள்ளை 'நாத்து' என்று சொல்லி வளர்கிறது, பாடநூலில் 'நாற்று' என்று இருக்கிறது. வயலில் தினம் பார்க்கும் பொருளே பக்கத்தில் அந்நியமாகிவிடுகிறது. பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம் போடும் காட்சியை எந்தக் குழந்தைப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை.

வழி தெரியாமல் இல்லை. 2022-இல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து பாடத்தைப் பிரித்தது. பாடல் வரிகளைத் திரையில் அதே மொழியில் ஓடவிட்டால் வாசிப்பு வளரும் என்பதை நிலைநாட்டக் கல்வி ஆய்வாளர் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் உழைத்துவருகிறார். இவ்விரண்டும் அசைபடத்தோடு சேர வேண்டும்.

கல்வித் தொலைக்காட்சி உயிர்மெய்க்கென்றே ஒரு தொடரைத் தொடங்கட்டும். ஒரு நிகழ்ச்சிக்குக் கொம்பு, கால் போன்ற ஒரே ஒரு குறி போதும், அது நிதானமாக நகரட்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதட்டும்.