அற்புதத்தின் நியதி: தலபுராணம் முதல் அறிவியல் புனைகதை வரை

திருப்பனந்தாள் செஞ்சடையப்பர் கோயில் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. தாடகை என்றொரு பெண், இராமாயணத்துத் தாடகை அல்லள், இறைவனுக்கு மாலை சாத்தி வழிபடுகிறவள். ஒருநாள் இரு கையிலும் மாலையை ஏந்தி நிற்கையில் சேலை நெகிழ்கிறது. கையை எடுத்தால் மாலை தரையில் விழும். எடுக்காவிட்டால் மானம் போகும். முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். இலிங்கம் தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொள்கிறது. சாய்ந்தது சாய்ந்தபடியே நிற்க, பின்னாளில் அதை நிமிர்த்த அரசன் யானைகளைப் பூட்டி இழுக்கிறான். யானைகள் களைத்ததுதான் மிச்சம். செய்தி கேட்டுத் திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் வருகிறார், கயிற்றைத் தம் கழுத்தில் பூட்டி இழுக்கிறார், இலிங்கம் நிமிர்கிறது. இந்தப் பின்பாதியைச் சேக்கிழாரும் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார்.

கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். கதை கட்டுகிறவனின் கண்ணோடு கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். பூசை முடிந்ததும் இறைவன் தானே நிமிர்ந்துகொண்டார் என்று முடித்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அப்படி முடிக்கவில்லை. எது சாய்த்ததோ அதற்கு இணையானதுதான் நிமிர்த்தும் என்று ஒரு நியதி வைத்து, யானை பலத்தை நடுவில் நிறுத்தித் தோற்கடித்து, அதன்பிறகே நாயனாரை வரவழைக்கிறார்கள். அற்புதத்துக்கும் சட்டம் உண்டு என்பது நம் புராணக்காரர்களுக்குப் பாலபாடம்.

அறிவியல் புனைகதையிலும் மிகுபுனைவுக் காவியங்களிலும் சமயம் எப்படிக் கையாளப்பட்டிருக்கிறது என்று பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இந்த நியதிதான். சாமியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதா? நிற்குமானால் அங்கே சமயம் வெறும் ஜோடனை.

முதலில் தலபுராண மரபு. அதன் கடைசிப் பெருங்கவிஞர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876), பக்கத்துத் திருவாவடுதுறை ஆதீன வித்துவான். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று ஆற்றையும் வயலையும் வீதியையும் முதலில் நிறுவிவிட்டுத்தான் தேவர்களை உள்ளே விடுவது இந்த மரபின் வழக்கம். உள்ளே வந்த தேவர்களுக்கும் சலுகை கிடையாது. இந்திரனே ஆனாலும் பாவம் செய்தால் காவிரிக் கரைக்கு வந்து, தீர்த்தமாடி, இலிங்கம் வைத்துப் பூசித்தாக வேண்டும். ஒரே அச்சில் வார்த்தது போல் பல புராணங்கள் இருக்கின்றன என்று குறை சொல்வார்கள். குறை உண்மைதான். ஆனால் வரைபடமும் வம்சாவளியும் போட்டு ஓர் உலகத்தையே கட்டும் வேலையை மேல்நாட்டிலிருந்து கற்றுக்கொண்டோம் என்று பேசுகிறவர்கள், மாயூரப் புராணத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மேல்நாட்டு உலகங்களில் பெரியது டோல்கீனுடையது. தீவிரக் கத்தோலிக்கர். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ அடிப்படையில் சமயம் சார்ந்த படைப்பு என்றும், அதனாலேயே அதிலிருந்து வழிபாடு, சடங்கு பற்றிய பேச்சை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டதாகவும் 1953-இல் ஒரு பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். மூன்று பெரிய தொகுதிகளில் ஒரு கோயில் மணிகூட ஒலிக்காது. ஆனால் கருணை காட்டி உயிரோடு விட்ட கோல்லம்தான் கடைசியில் மோதிரம் அழியக் காரணமாகிறான். நியதி முழுக்க உள்ளேயே ஓடுகிறது. அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸ் நார்னியாக் கதைகளில் சிங்கத்தைப் பலியாக்கி உயிர்ப்பித்துக் கிறிஸ்துவை வெளிப்படையாகவே வைத்தார். எனக்கு டோல்கீன் வழியே உயர்ந்ததாகப் படுகிறது.

நம் பக்கத்தில் பகடி மரபை ஆரம்பித்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வந்து ஹோட்டலில் காபி சாப்பிடுகிறார். ஆடிக் காட்டி வாய்ப்புக் கேட்டு, கலை தெரியவில்லை என்று திவான் பகதூரால் அனுப்பப்படுகிறார். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளையோ அவரை ஆயுள் சந்தாதாரராகக் கணக்கில் ஏற்றிவிடுகிறார். அதே காலத்து ‘சாபவிமோசனம்’ இன்னும் கடுமை. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். புராணத்தின் சட்டத்தைக் கொண்டே புராணத்தை விசாரிக்கிற கதை. கல்லாவதும் பெண்ணாவதும் அந்த உலகில் நிஜம் என்று ஒத்துக்கொண்டால்தான் அந்த முடிவு சுடும்.

சிறுவர் இலக்கியத்தில் 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் பங்கு பெரிது. வாய் திறந்தால் வேதாளம் மரமேறிவிடும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்ற நிபந்தனையில் வளர்ந்த தலைமுறைக்கு நியதியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரரான சுஜாதா இயந்திர மரபுக்குத் தலைவர். ஆழ்வார்களுக்கு எளிய அறிமுகம் எழுதிய கைதான் ‘என் இனிய இயந்திரா’வையும் எழுதியது. அதில் நாட்டையே ஆளும் ஜீவா கடைசியில் ஒளிப் பிம்பம் என்று தெரிகிறது. பக்தி எப்படி அதிகாரத்துக்குக் கருவியாகிறது என்பதை விகடன் வாசகர்களுக்குத் துப்பறியும் கதை போலச் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய புனைகதைகளில் சமயம் பெரும்பாலும் கேள்வியாக நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியிலிருந்து ஓர் உலகம் எழவில்லை. அது ஜெயமோகனின் ‘விஷ்ணுபுர’த்தில் (1997) எழுந்தது. யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் பிரம்மாண்டமான சிலை, அதைச் சுற்றி ஒரு நகரம், அந்த நகரத்தில் ஓயாத தத்துவ வாதம். அந்தச் சிலை எங்கள் பெருமூப்பன் என்று மலைக்குடிகள் சொல்லும் இடத்தில் மொத்தக் கட்டடமும் ஆட்டம் காண்கிறது. 2014 முதல் 2020 வரை அவர் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்களாக விரிந்தது.

சரக்கு மட்டமான இடமும் உண்டு. கூப்பிட்ட குரலுக்குக் கிராபிக்ஸ் சூலம் பறந்து வரும் சினிமாக்களைக்கூட மன்னிக்கலாம். பக்தைக்கு ஆபத்து, அம்மன் வருவாள் என்ற எளிய நியதியாவது அங்கே இருக்கிறது. புராணத்திலேயே விமானம் இருந்தது, எல்லாம் அன்றே கண்டுபிடித்தாயிற்று என்று கதையை ஆதாரப் பத்திரமாக்குவதுதான் தாங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘வைமானிக சாஸ்திர’த்தின் விமானங்கள் பறக்கத் தகுதியற்றவை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974-இல் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். புஷ்பக விமானத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதே இல்லை.

இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் நாத்திகர். அவரும் கூட்டாளி மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைப் பார்த்தார்கள். கிளார்க் 1957-இல் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்’ நூலில் அதை எழுதினார். 1979-இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் விண்ணுக்கு மின்தூக்கி கட்ட வேண்டிய மலையுச்சியில் பௌத்த மடம் இருக்கிறது. பட்டாம்பூச்சிகள் உச்சியை எட்டினால் துறவிகள் வெளியேற வேண்டும் என்பது பழைய வாக்கு. புயல் பூச்சிகளை மேலே தூக்கி வருகிறது. துறவிகள் சொன்னபடி இறங்கிவிடுகிறார்கள். மடத்தின் நியதியை மீறி அவர் மின்தூக்கியைக் கட்டவில்லை.

மடம் என்றதும் வால்டர் மில்லரின் ‘எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ (1959) நினைவுக்கு வரும். அணுப்போருக்குப் பிறகு துறவிகள், பொருள் புரியாமலே பழைய மின்சுற்றுப் படங்களைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கிறார்கள். ஒரு மளிகைச் சீட்டுகூடப் புனிதப் பொருளாகிறது. நம் ஊரில் இதைக் கற்பனை என்று சொல்ல முடியாது. சைவத் துறவி குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் வழித்தோன்றலான திருப்பனந்தாள் காசிமடமும் சுற்றியுள்ள ஆதீனங்களும் ஏடு காத்த வரலாறு அப்படிப்பட்டது. சைவ மடத்தில் படித்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சைனர்களிடம் பொருள் கேட்டுச் சைன காவியமான சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அந்தக் குமரகுருபரரே சிங்கத்தின் மேல் ஏறிப் பாதுஷாவிடம் போனார் என்பது மடத்து வழக்கு. சிங்கம் வசப்பட்டவருக்கும் இந்துஸ்தானி தானாக வந்துவிடவில்லை. கலைமகளைப் பாடிக் கேட்டுத்தான் பெற்றாராம்.

இவ்வளவு இருந்தும் சைவ சித்தாந்தத்தின் மேல் கட்டிய ஓர் அறிவியல் புனைகதை தமிழில் என் கண்ணில் பட்டதில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட் ஜென்னையும் இஸ்லாத்தையும் பிசைந்து ‘டியூன்’ (1965) எழுதினார். ரோஜர் ஸெலாஸ்னி ‘லார்ட் ஆஃப் லைட்’டில் (1967) வேற்றுக் கிரகத்தில் குடியேறியவர்களை இந்துக் கடவுளராக வேடமிட்டு ஆள வைத்தார். உயிர்களை அவற்றோடு ஒட்டியிருக்கும் மலங்களை, அதாவது தளைகளை, வைத்து விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என்று வகுத்த சாத்திரம் நம்மிடம் இருக்கிறது. ஆணவம் மட்டும் உடையவர் முதல் வகை, கன்மமும் சேர்ந்தவர் இரண்டாம் வகை, மாயையும் சேர்ந்த நாம் மூன்றாம் வகை. மூன்று வகை உயிர்களும் ஒரே கதையில் சந்தித்தால் என்ன நடக்கும்? இப்போதைக்கு அது சித்தாந்த வகுப்பில் ஐந்து மதிப்பெண் வினாவாக இருக்கிறது.