சிறு தேர்வும் பெருங்கதையும்

வேதாளக் கதை கேளாத தமிழ்ப் பிள்ளை அரிது. முருங்கை மரத்தில் தொங்கும் உடலை விக்கிரமாதித்தன் தோளில் சுமந்து நடக்கிறான். உடலுள் புகுந்த வேதாளம் வழிநடைக்கு ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு வினா எழுப்புகிறது. விடை தெரிந்தும் கூறாவிடின் அரசன் தலை வெடித்துச் சிதறும். கூறினாலோ அவன் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரம் ஏறும். கதை சொல்லும் பாட்டி, அரசன் வாய் திறக்குமுன் சற்றே நிறுத்தி, "நீயா இருந்தா என்னப்பா சொல்லுவே?" என்று பேரனைக் கேட்பதும் உண்டு. அந்த ஒரு நொடியில் கேட்பவன் அரசனாகிறான். கதை அவன் தோளில் ஏறுகிறது.

கேட்போனையும் கதைக்குள் இழுத்து, அவனைத் தீர்ப்புக் கூறச் செய்யும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. அதே முறை இன்று கணினித் திரையில் வேறு வடிவம் பூண்டு வந்துள்ளது. கதை வழி நடக்கும் மாய உலக விளையாட்டுகள் என்பன அவை. பினாங்கின் அடுக்குமாடி வீடுகளிலும் இளைஞர் பலர் இரவு நெடுநேரம் அவற்றில் ஆழ்ந்திருக்கின்றனர். 'விளையாட்டு' என்ற பெயரினாலேயே அவற்றை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவை எனத் தள்ளிவிடும் வழக்கம் ஆசிரியர் உலகில் உண்டு. கூத்தும் நாடகமும் கூட ஒரு காலத்தில் அவ்வாறே தள்ளப்பட்டன. நாவல் வந்தபொழுது அதனைப் படித்தால் பிள்ளைகள் கெடுவர் என அஞ்சியோரும் உளர். ஆகவே தள்ளுவதற்கு முன் எடைபோடுதல் நேர்மையாகும். எடைபோட இரண்டு கற்கள் போதும்: அக்கதையில் வரும் சிறு நுணுக்கங்கள் பொருள் தருகின்றனவா? ஆடுபவர்க்கு அளிக்கப்படும் தேர்வு மெய்யான தேர்வா?

முதற் சான்றாக, போலந்து நாட்டின் வார்சா நகரைச் சேர்ந்த சிடி ப்ரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட 'தி விட்சர் 3: வைல்டு ஹண்ட்' என்னும் படைப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டு எழுத்தாளர் ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி எழுதிய புனைகதைகளின் உலகில் நிகழ்வது அது. கூலிக்குப் பேய் பிசாசுகளை வேட்டையாடும் கெரால்ட் என்பவன் தலைவன். அவன் மகளாகப் பாவித்து வளர்த்த சிரில்லா என்னும் பெண்ணைத் தேடிச் செல்வதே கதை.

தேடும் வழியில் அவன் ஒரு குறுநிலத் தலைவனின் கோட்டையை அடைகிறான். அத்தலைவனின் மனைவியும் மகளும் காணாமற் போயிருக்கின்றனர். அவர்களைக் கண்டுபிடித்துத் தருமாறு அவன் வேண்டுகிறான். துயருற்ற கணவனாகவே முதலிற் காட்சி தருகிறான். ஆனால் கெரால்ட் அவ்வீட்டின் அறைகளைத் துருவிப் பார்க்குங்கால், வீடு வேறொன்று பேசுகிறது. சுவரின் சேதத்தை மறைக்க ஓவியம் ஒன்று இடம் மாற்றி மாட்டப்பட்டிருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் மெழுகுவர்த்தித் தண்டு இல்லை. சிந்திய மதுவின் வாடை இன்னும் போகவில்லை. கைகலப்பு நடந்த வீடு அது என்பதும், குடித்துவிட்டு மனைவியை அடித்த கை எது என்பதும், அவன் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஆடுபவர்க்குப் புலனாகிவிடுகின்றன.

இங்கே நுணுக்கம் அலங்காரமாக நிற்கவில்லை; சாட்சியாக நிற்கிறது. கூற வந்ததை வெளிப்படக் கூறாது, கருப்பொருள்களைக் கூறி அவற்றின் வழியே உணரவைக்கும் நெறியைத் தமிழ்ப் பொருளிலக்கணம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பகுத்துப் பேசும். அந்நெறியின் நுட்பம் முழுவதும் இதில் உண்டு எனல் மிகையாகும். ஆயினும் அகப்பாட்டில் ஆம்பலையும் நாரையையும் கண்டு தலைவனின் ஒழுக்கத்தை உய்த்துணரும் மாணவனுக்கு, சுவரிலுள்ள ஓவியத்தைக் கண்டு ஒரு குடும்பத்தின் கொடுமையை உய்த்துணர்தல் அயலான பயிற்சியன்று. பாட்டில் பொருள்களை வரிசைப்படுத்தித் தருபவர் புலவர். இங்கே எதை முதலிற் காண்பது, எதைக் காணாது போவது என்பது ஓரளவு ஆடுபவர் பொறுப்பாகிறது. ஆராய்ந்து நோக்குபவன் அடையும் கதை ஒன்று. விரைந்து கடப்பவன் அடையும் கதை மற்றொன்று.

இனித் தேர்வைக் காண்போம். அதே கிளைக்கதையில், மலைமேட்டு மரமொன்றில் சிறைப்பட்ட ஆவி தன்னை விடுவிக்குமாறு கெரால்ட்டிடம் கேட்கிறது. விடுவித்தால் சதுப்பு நிலத்துக் கிழவிகளின் பிடியிலுள்ள அனாதைப் பிள்ளைகளைக் காப்பதாகவும் கூறுகிறது. விடுவித்தால் பிள்ளைகள் பிழைக்கின்றனர். ஆனால் அருகிலுள்ள சிற்றூர் அழிகிறது, தலைவனின் மனைவி சாபத்துக்கு இரையாகி மாள்கிறாள், அவனும் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் அவ்விருவரும் உயிருடன் இருப்பர். ஆனால் அவள் சித்தம் கலங்கிவிடுகிறது, பிள்ளைகளோ மீள்வதில்லை. நல்லவன் ஒருபுறமும் தீயவன் மறுபுறமும் நிற்க, இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது தேர்வே அன்று. அது விடையெழுதிய வினாத்தாள். நன்மைக்கும் நன்மைக்கும் இடையே, அன்றித் தீமைக்கும் தீமைக்கும் இடையே நிறுத்தப்படும்பொழுதுதான் மனிதன் தேர்கிறான். வேதாளத்தின் வினாக்களும் இவ்வகையினவே. அதனாற்றான் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன.

எனினும் இப்படைப்பின் சிறப்பு இத்தகைய பெருந்தேர்வுகளில் இல்லை. யாரும் தேர்வென்று கருதாத சிறு செயல்களில்தான் இருக்கிறது. கதையின் பிற்பகுதியில் சிரில்லா பெரும் இழப்பொன்றால் மனம் சோர்ந்திருக்கிறாள். அப்பொழுது கெரால்ட் இரண்டில் ஒன்று செய்யலாம். எல்லாவற்றிலும் வல்லவளாக இருக்க வேண்டுவதில்லை என்று ஆறுதல் கூறி அவளோடு அமர்ந்து குடிக்கலாம்; அன்றி, அவளை வெளியே அழைத்துச் சென்று பனியுருண்டை எறிந்து விளையாடலாம். வேறோரிடத்தில் மாயப்பெண்டிர் அவையைக் காண அவள் செல்கிறாள். உடன் செல்லலாம், தனியே போகவும் விடலாம். பிறிதோரிடத்தில் தனக்கு உதவி செய்ததனால் உயிரிழந்த இளைஞன் ஒருவனின் கல்லறைக்குச் செல்ல அவள் விரும்புகிறாள். நேரமில்லை என்று மறுக்கலாம், உடன் செல்லவும் செய்யலாம்.

இவற்றுள் எதுவும் உலகைக் காக்கும் செயலாகத் தோன்றாது. திரையில் மதிப்பெண் ஏதும் காட்டப்படுவதுமில்லை. ஆனால் இறுதியில் சிரில்லா உலகை அழிக்க வரும் பெருங்குளிரை எதிர்த்துத் தனியே செல்லும் வேளையில், அச்சிறு பொழுதுகள் அவள் நினைவில் மீள எழுகின்றன. வளர்த்தவன் தன்னை நம்பினான், தன் துக்கத்தை மதித்தான் என்ற நினைவு மிகுந்தால் அவள் மீண்டு வருகிறாள். தன்னை எப்போதும் காக்கப்பட வேண்டிய குழந்தையாகவே நடத்தினான் என்ற நினைவு மிகுந்தால் மீள்வதில்லை. தலைவனின் வாள்வன்மை அவளைக் காப்பாற்றுவதில்லை. என்றோ ஒருநாள் அவளைத் தனியே போகவிட்டதுதான் காப்பாற்றுகிறது.

மக்களை வளர்ப்போரும் மாணவரைப் பயிற்றுவோரும் எண்ணிப் பார்க்கத் தக்க கருத்து இது. பிள்ளைக்கு நாம் செய்த பெரிய உதவிகளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். பிள்ளையோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. அக்கணக்கில் என்ன ஏறியது என்பது ஏறிய நாளில் தெரிவதில்லை. இவ்வுண்மையைச் சொற்பொழிவாகச் சொல்லாமல், ஆடுபவரையே செய்யவைத்துப் பின் விளைவைக் காட்டுவது இக்கலைக்கே உரிய ஆற்றல். நாவலில் ஒரு தந்தை தவறினால் படிப்பவர் அவனைக் குறை கூறலாம். இங்கே தவறியவர் தாமே ஆதலின் குறை கூற வேறு ஆள் இல்லை.

குறைகளும் உள. மறைவாக வைத்திருப்பினும் அது கணக்கே. இத்தனை நற்செயல், இத்தனை தீச்செயல் எனக் கூட்டிக் கழிக்கும் பொறி உள்ளே இயங்குகிறது. வழிகாட்டிக் குறிப்பைப் படித்துவிட்டு ஆடுபவர்க்கு அன்பும் தந்திரமாகிவிடும். மேலும், துயருற்றவளோடு அமைதியாக அமர்ந்து குடிப்பது ஏன் தவறாக எண்ணப்பட வேண்டும் என்று ஒருவர் வினவினால் அதற்குத் தக்க விடை கூறுதல் எளிதன்று. ஆசிரியன் ஒருவன் முன்னரே எழுதி வைத்த தீர்ப்பை, தம் தீர்ப்பென்று ஆடுபவர் எண்ணிக்கொள்ளும் இடமும் இதுவே.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கது, தமிழரே படைத்த 'வெண்பா' என்னும் சிறு படைப்பு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 ஜூலை இறுதியில் அதனை வெளியிட்டது. 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் அதற்குச் சிறந்த முதற்படைப்புக்கான விருதை வழங்கியது. இதில் பேயுமில்லை, வாளுமில்லை. 1980களின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. வெண்பாவின் தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, சில இடங்களில் எழுத்து அழிந்து போயிருக்கிறது. விடுபட்டதை உய்த்துணர்ந்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆடுபவர் பணி.

பேசுமிடங்களில் இன்னது கூறலாம், இன்னது கூறலாம் எனத் தேர்வுகள் அளிக்கப்படுகின்றன. ஆனால் எதைக் கூறினாலும் கதையின் பெரும்போக்கு மாறுவதில்லை. மகன் வளர்கிறான், தமிழிலிருந்தும் தாயின் அடுக்களையிலிருந்தும் விலகுகிறான். சமையலில் பிழைத்தாலும் மீண்டும் தொடங்கலாம்; தண்டனை இல்லை. முன்னர்க் கூறிய அளவுகோலால் அளந்தால் இது குறையே. தேர்வு என்ற பெயரில் தேர்வல்லாததைத் தருவது ஆடுபவரை ஏமாற்றுவதாகும் என்று ஒருவர் கூறின் அது முற்றிலும் தவறன்று.

ஆனால் இப்படைப்பு தன் உயிரைப் பேச்சுத் தேர்வில் வைக்கவில்லை. கையின் செயலில் வைத்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி துளை வழியே மேலேறும், புட்டுக் குழாயில் எது முன், எது பின் என்பன போன்ற சிறு நுணுக்கங்களில் தலைமுறை அறிவு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. லெபோ பசாரில் புட்டு வாங்கி உண்பவர் பலர்; குழாயின் அடியில் சில்லு வைக்க மறந்தால் மாவு முழுவதும் கீழே கொட்டிவிடும் என்பதை அறிந்தவர் அவருள் எத்தனை பேர்? அறிவு அழியும்பொழுது பெருநூல்கள் மட்டும் அழிவதில்லை, சில்லும் அழிகிறது.

பிற்பகுதியில் கவின் வளர்ந்து, தானே சமைக்க முற்படுகிறான். அதே குறிப்பேடு, ஆனால் அவனால் தமிழைச் சரளமாகப் படிக்க இயலவில்லை. முன்பு தாய் கையிலிருந்தபொழுது, அழிந்த எழுத்துகள் மட்டுமே புதிராக இருந்தன. மகன் கையில் அழியாத எழுத்துகளும் புதிராகிவிட்டன. தாளும் மையும் அப்படியே இருக்க, படிக்கும் கண் மாறியதனால் நூல் அழிந்த நிலை அது. மொழி இழப்பைப் பற்றி எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் முழங்கியிருக்கின்றனர். ஆடுபவரையே எழுத்தறியாதவர் போல் தடுமாறச் செய்து அவ்விழப்பை உணர்த்திய படைப்புகள் மிகச் சில.

விட்சரில் தேர்வு விளைவை மாற்றுகிறது, வெண்பாவில் மாற்றவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையைத் தொடுகின்றன. பெற்றோரின் சிறு செயல் பிள்ளையின் நினைவில் என்னவாகிறது என்பதே அது. முதலாவது, 'உன் செயலால் அவள் பிழைத்தாள்' என்கிறது. அதில் ஆறுதல் உண்டு, சற்றே பொய்யும் உண்டு. இரண்டாவது, 'நீ எவ்வளவு செய்தும் அவன் விலகினான். பின்னர் அவனே திரும்பி வந்தான்' என்கிறது. அதில் ஆறுதல் குறைவு, வாழ்க்கை மிகுதி. கலைநயத்திலும் பரப்பிலும் போலந்துப் படைப்பு பெரிது. புலம்பெயர்ந்த தமிழ் வீட்டுக்கு உண்மையாக இருப்பதில் சிறியது முந்துகிறது.

பினாங்கு, 1816 ஆம் ஆண்டிலேயே பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புக் கண்ட ஊர். இங்குள்ள வீடுகளில் பாட்டிமார் தமிழில் எழுதி வைத்த சமையல், மருந்து, மொய்க் குறிப்பேடுகள் இன்னும் அலமாரிகளில் இருத்தல் கூடும். அவற்றைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் அதே வீடுகளில் இருக்கின்றனர். அப்பிள்ளைகள் திரையில் அன்றாடம் நூறு தேர்வுகள் செய்து பழகியவர்கள். 'நீ ஏன் ஆவியை விடுவித்தாய்?' என்று தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னால், 'எனது பொழுதுபோக்கு' என்ற தலைப்புக்குக் கிட்டாத சூடு அக்கட்டுரைக்குக் கிட்டும். காரணம் கூறித் தீர்ப்புரைக்கும் பயிற்சியே வேதாளம் அரசனுக்கு அளித்த பயிற்சி.

வேதாளத்தின் இறுதி வினாவுக்கு அரசன் விடை கூறவில்லை. தந்தை மகளையும் மகன் அவள் தாயையும் மணந்தால் அவர்தம் மக்கள் ஒருவர்க்கொருவர் என்ன உறவு என்பது வினா. விடை தெரியாமையால் அவன் வாளா நடந்தான். அம்மௌனத்தைக் கண்டே வேதாளம் மகிழ்ந்து அவனுக்கு உதவிற்று. தேர்வு தரும் கதைகளுள் உயர்ந்தது, ஆடுபவரை எங்கேனும் ஓரிடத்தில் அவ்வாறு வாயடைத்து நிற்கச் செய்யும். படிக்கத் தெரியாத குறிப்பேட்டின் முன் நிற்கும் கவினின் நிலை அத்தகையது. அந்த மௌனத்தைக் கலைக்க வல்ல விடை மட்டும் விளையாட்டுக்குள் இல்லை. அது வகுப்பறையில் இருக்கிறது.