பத்து மடங்கு மின்கலமா?

சிலிக்கான் மின்கலத்தைப் பற்றி எழுதுவோர் பலரும், அது பத்து மடங்கு மின்சாரம் சேமிக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். இக்கூற்றில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் சென்று தங்குகின்றன. எதிர்முனையில் பெரும்பாலும் இருப்பது, பென்சிலிலும் உள்ள கிராஃபைட். அதில் ஒரு லித்தியம் அணு தங்க ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். சிலிக்கானிலோ நான்கு அணுக்களே பதினைந்து லித்தியம் அணுக்களை ஏற்கின்றன. ஆகவே ஒரு கிராம் கிராஃபைட்டின் கொள்ளளவு 372 மில்லி ஆம்பியர்-மணி. சிலிக்கானுக்கு ஏறத்தாழ 3,580. பத்து மடங்கு என்பது இந்தக் கணக்குதான். இதில் பிழையில்லை.

ஆனால் மின்கலத்துக்கு இரண்டு முனைகள் உண்டல்லவா? நேர்முனைப் பொருளின் கொள்ளளவு கிராமுக்கு 180 என்று வைத்துக்கொள்வோம். 1,000 மில்லி ஆம்பியர்-மணி சேமிக்க அதில் 5.6 கிராம் தேவை. அதனுடன் கிராஃபைட் 2.7 கிராம் சேர்ந்தால் 8.3 கிராம். கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் 0.3 கிராம் போதும், மொத்தம் 5.9 கிராம். அதாவது, அதே எடைக்குக் கிடைக்கும் ஆதாயம் 1.4 மடங்கு மட்டுமே! செப்புத் தகடு, மின்பகுளி, உறை ஆகியவற்றின் எடையையும் கூட்டினால் அதுவும் குறையும்.

இன்னொரு தடையும் உண்டு. லித்தியத்தை ஏற்கும் சிலிக்கான் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாக வீங்குகிறது. கிராஃபைட் வீங்குவது நூற்றுக்குப் பத்துப் பங்குதான். வீங்கியும் சுருங்கியும் சிலிக்கான் துகள்கள் பிளக்கின்றன. பிளந்த புதுப் பரப்பில் மின்பகுளி வினைபுரிந்து படலம் உண்டாகிறது. அது லித்தியத்தை வீணாக்குகிறது.

இதற்குப் பரிகாரமாக வந்ததே கலவைப் பொருள். சிலிக்கானை நானோ அளவுத் துகளாக்கி, கார்பன் உறையிட்டு, கிராஃபைட்டுடன் கலக்கிறார்கள். ஆனால் நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிக்கான் கலந்தால், கலவையின் கொள்ளளவு கிராமுக்கு ஏறத்தாழ 690 மட்டுமே. எதிர்முனையிலேயே இரு மடங்குகூட வரவில்லை. துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு மிகுந்து, படலமும் மிகுகிறது.

இம்முயற்சி வீணன்று. மின்சாரக் காருக்குச் சிறு ஆதாயமும் பெரிதே. ஆனால் இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சொல்லப்படும் அளவு ஒரு பொருளுக்கா, முழு மின்கலத்துக்கா? சிலிக்கானின் பங்கு எவ்வளவு? எத்தனை முறை மின்னேற்றிய பின்னும் அந்தக் கொள்ளளவு நிலைக்கிறது? இவற்றுக்கு விடை தராத கட்டுரை, பாதிச் செய்தியை மட்டுமே சொல்கிறது.