240 சக்கர நிதானம்

வந்தவாசி பக்கம் கொரக்கோட்டைப் பாறையில் வெட்டிய பெருமாள் சிலை, 2018 டிசம்பரில் கிளம்பி 2019 ஜூனில்தான் பெங்களூரு ஈஜிபுரா வந்து சேர்ந்தது. அதைச் சுமந்தது 240 சக்கர ட்ரெய்லர். இழுவை லாரியின் வலுவைத்தான் ஊரே பேசியது. எனக்குப் பெரிதாகப் படுவது ட்ரெய்லரோடு கூடவே நடக்கும் ஆட்களின் கவனம். சாலை ஒரு பக்கம் சரிந்தால் ஹைட்ராலிக்கை ஏற்றி இறக்கி மேல்தளத்தை மட்டமாக வைக்க வேண்டும். வளைவில் பின்சக்கரங்களையும் திருப்ப வேண்டும். பாரம் சாய ஆரம்பித்துவிட்டால் எந்த லாரியாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாலத்தை நம்ப முடியாத இடங்களில், கிருஷ்ணகிரிப் பக்கமும் ஓசூர்ப் பக்கமும், ஆற்றில் தற்காலிக மண்பாதை போட்டுத்தான் கடந்தார்கள். எவ்வளவு பொறுமை! நெடுஞ்சாலையில் இப்படியொரு வண்டி ஊர்ந்து போனால் ஹாரன் அடிக்காதீர்கள். முன்னால் நடப்பவரின் கைச்சாடையைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள்.