75 விநாடிகள் எங்கே போயின?

2024 டூர் டி பிரான்ஸின் ஒன்பது கட்டங்கள் முடிந்து வீரர்கள் முதல் ஓய்வுநாளை எட்டியபோது, மஞ்சள் ஜெர்சி ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சாரிடம் இருந்தது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் 33 விநாடி பின்னால். முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்ற டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோர் 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கி மூன்றாம் இடத்தில் இருந்தார். சாம்பியன் பயந்து ஓட்டுகிறார், எதற்கும் முன்வர மறுக்கிறார் என்ற பேச்சு அப்போது பலமாகவே எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஒன்பது நாளில் மிகத் தெளிவாகப் பந்தயம் ஓட்டியவர் அவர்தான் என்பது என் கட்சி.

அவர் எந்த நிலையில் வந்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த பந்தயத்தில் ஓர் இறக்கத்தில் பலர் சேர்ந்து விழுந்தார்கள். விங்ககோருக்குக் காரை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனை. அதன் பிறகு ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளாமல் நேராக ஜூன் 29 அன்று ஃப்ளோரன்ஸ் நகரில் வந்து நின்றார். எதிரில் இருந்த பொகாச்சாரோ மே மாதம்தான் ஜிரோ தி இத்தாலியாவை வென்று முடித்திருந்தார்.

இரண்டாம் நாளே சோதனை வந்தது. போலோன்யாவின் சான் லூகா ஏற்றம் இரண்டு கிலோமீட்டர்கூட வராது, ஆனால் சராசரிச் சரிவு பத்து சதவீதத்துக்கும் மேல். பொகாச்சார் அங்கே சீறிப் பாய்ந்தபோது அவர் பின்சக்கரத்தை விடாமல் போனவர் விங்ககோர் ஒருவர்தான். உச்சி தாண்டிய பிறகே எவனபூலும் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நால்வரும் ஒரே நேரம். மறுநாள் டூரினில், கட்டங்களில் பெற்ற இடங்களைக் கூட்டிப் பார்த்து மஞ்சள் ஜெர்சியைக் கரபாஸுக்குக் கொடுத்தார்கள். அந்நாட்டுக்காரர் ஒருவர் அதை அணிந்தது அதுவே முதல் முறை.

இனி அந்த 75 விநாடிகளுக்கு வருவோம். நான்காம் கட்டத்தில் 2,642 மீட்டர் உயர கலிபியே கணவாய். பொகாச்சாரின் அணியினர் ஒருவர் மாற்றி ஒருவர் வேகத்தை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் வந்து இழுக்காமல் பின்னால் தங்கிய ஹுவான் அயுசோவை ஜோவோ அல்மெய்தா கையசைத்துக் கடிந்துகொண்டது தொலைக்காட்சியில் எல்லாருக்கும் தெரிந்தது. உச்சிக்கு ஒரு கிலோமீட்டர்கூட மீதமில்லாத இடத்தில் பொகாச்சார் பிய்த்துக்கொண்டு போனார். உச்சியை அவர் கடந்து சுமார் பத்து விநாடியில் விங்ககோர் கடந்தார். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில், மூன்று மாதம் முன்பு நுரையீரல் அடிபட்ட ஒருவர் இழந்தது அவ்வளவுதான்!

அடுத்து வந்தது வலுவார் ஊர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் இறக்கம். கோட்டைத் தொடும்போது வித்தியாசம் 37 விநாடி ஆகியிருந்தது. பின்னால் வந்த எவனபூலும் பட்டத்துக்கான இன்னொரு போட்டியாளர் ரோக்லிச்சும் அயுசோவும்கூட இறக்கத்தில் விங்ககோரைப் பிடித்துவிட்டார்கள். ஆக, கால் தளர்ந்து போன விநாடிகள் அல்ல இவை. ஏப்ரலில் விழுந்தவர் வளைவுகளில் பிரேக்கைச் சற்று முன்னதாகவே பிடித்தார் என்றுதான் நான் படிக்கிறேன். உச்சியிலும் முடிவிலும் கொடுத்த ஊக்க விநாடிகளில் நிகரமாக 13 போயின. ஏழாம் கட்டம் 25.3 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டம். உலக சாம்பியன் எவனபூல் வென்ற அந்நாளில் பொகாச்சாரிடம் இன்னொரு 25 விநாடி. கூட்டினால் சரியாக 75. இதில் ஏற்றத்தில் போனது பத்து மட்டும்.

ஒன்பதாம் கட்டத்தைத்தான் அதிகம் விமர்சித்தார்கள். ட்ருவா நகரைச் சுற்றி வெண்புழுதி கிளப்பும் 14 சரளைக்கல் பாதைகள், மொத்தம் 32 கிலோமீட்டர். டயர் பஞ்சராகி, சக அணி வீரர் யான் ட்ராட்னிக்கின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஓட்டினார் விங்ககோர். அந்த நிலையில் எவனபூல் தாக்கினார், பொகாச்சார் சேர்ந்தார், விங்ககோரும் பிடித்துவிட்டார். மூன்று பெரிய தலைகள் தனியே! முறை வைத்து முன்னால் வந்து காற்றை உடைத்திருந்தால் ரோக்லிச்சைக் கழற்றிவிட்டிருக்கலாம். விங்ககோர் மறுத்தார், முயற்சி கலைந்தது. எவனபூலுக்குக் கோபம். ஆனால் இரவல் சைக்கிள், துணைக்கு ஆள் இல்லை, இன்னொரு பஞ்சர் ஆனால் நிமிடங்கள் போகும். தன்னைவிட முன்னால் இருக்கும் இருவருக்காக அவர் ஏன் உழைக்க வேண்டும்? எல்லாத் தாக்குதலுக்கும் ஈடுகொடுத்து, அவர்களோடு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார். அன்றைய வேலை அதுதான்.

குறைவாக இழப்பது இந்தப் பந்தயத்தில் ஒரு தனித் திறமை. மார்க் கேவண்டிஷைப் பாருங்கள். முதல் நாள் வெயிலில் வாந்தி எடுத்தபடி வெகுதூரம் பின்தங்கினார். சக வீரர்கள் சூழ்ந்து நின்று அவரைக் கால வரம்புக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று விட்டிருந்தால், ஐந்தாம் கட்டத்தில் 35ஆவது டூர் கட்ட வெற்றியோடு எடி மெர்க்ஸின் சாதனையை 39 வயதில் அவர் தாண்டியிருக்க முடியாது.

ஓய்வுநாளுக்கு இரண்டு நாள் கழித்து லெ லியோரானில் முடிந்த கட்டம். முடிவுக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போதே பொகாச்சார் போய்விட்டார். அரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளியை விங்ககோர் தனியாக மிதித்து மூடினார், இருவருக்கிடையேயான ஸ்பிரிண்டிலும் வென்றார். முதல் வாரம் சேமித்ததை அங்கே செலவழித்தார். வெற்றிக்குப் பிறகு கண்ணீர் விட்டுப் பேசினார்.

பிரனீஸ் மலையில் கதை மாறியது. விங்ககோர் இழந்தது பிளா தாதேயில் 39 விநாடி, பிளாத்தோ தெ பெயில் ஏற்றத்தில் 1 நிமிடம் 8 விநாடி. நீஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது பொகாச்சார் 6 நிமிடம் 17 விநாடி முன்னால் இருந்தார். அந்தக் கோடையில் அவரை வெல்ல எவராலும் முடிந்திருக்காது. மூன்றாம் வாரத்துக்கு விங்ககோருக்கு வேண்டிய பலத்தைப் படுக்கையில் கிடந்த நாட்கள் தின்றுவிட்டன. அந்தத் தோல்வியை முதல் வாரத்தின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை. விங்ககோர் இரண்டாம் இடம் பிடித்தார். தன் முதல் டூரிலேயே இளம் வீரர்களுக்கான வெள்ளை ஜெர்சி வென்று அருமையாக ஓட்டிய எவனபூல், அவருக்கு 3 நிமிடம் 1 விநாடி பின்னால் மூன்றாவதாக வந்தார்.